குறைமாதப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னுகிறோம்: எந்த நூல், எந்த அளவு, யாரிடம் கொடுப்பது?

களுதாவளை அம்மம்மா:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாரியில் என் மகளுக்கு நாள் வரும் முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. 31 கிழமை, நிறை 1 கிலோ 420 கிராம். பிறந்த கையோடு பிள்ளையைக் குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகள் உள்ளே, நான் வெளியே வாங்கில். 23 நாள் அப்படித்தான் போனது. மழை விடவேயில்லை. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பார்வை நேரம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல், பையில் குரோசே ஊசியையும் வெள்ளை நூலையும் வைத்துக்கொண்டு பின்னத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குப் படித்தது. மேசை விரிப்பும் கதிரைத் துண்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் பின்னேரம் மகள் கதவடிக்கு வந்து, "அம்மா, பிள்ளையை நெஞ்சோட கட்டி வைக்கச் சொல்லுறாங்க. தலைக்குத் தொப்பி வேணுமாம். கடையில வாங்கினது மூக்கு மட்டும் இறங்குது" என்று சொன்னாள். கையில் ஒரு நூல் துண்டு வைத்திருந்தாள். பிள்ளையின் தலையைச் சுற்றி அளந்து, அளவு முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்துப் பார்த்து இரவிரவாகப் பின்னி, சுடுதண்ணீரில் அலசி, அயர்ன் பண்ணிக் காயவைத்து, விடிய முதல் பஸ்ஸில் கொண்டுபோனேன். சரியாகப் பொருந்தியது. பேரனுக்கு இப்போது ஏழு கிலோ. அளந்த நூலை நான் எறியவில்லை.

சரி, இனித்தான் விஷயம். இதைக் கேள்விப்பட்டு எங்கள் ஒழுங்கையில் ஏழு பெண்கள் சேர்ந்தோம். மத்தியானச் சமையல் முடிந்தால் என் வீட்டு விறாந்தையில் கூடுவோம். டவுனில் நல்ல நிறம் நிறமாக ஊல் பந்து வாங்கினோம். மூன்று மாதத்தில் 46 தொப்பி, 12 சோடி காலுறை. உச்சியில் குஞ்சம் வைத்தோம், ரிப்பன் கோர்த்தோம். கரப்பான் அரித்துவிடக் கூடாது என்று அலுமாரியில் பூச்சி உருண்டையும் போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வாட்டில் இருந்த மிஸ் கோபிக்கவில்லை. ஒரு தொப்பியை எடுத்து மூக்கருகே வைத்தார். பிறகு உட்பக்கத்தைப் புரட்டி விரலால் தடவினார். "அம்மா, இத எடுக்க ஏலா" என்றார். அவருக்கு அப்போது வேலை கூடிய நேரம், ஏன் என்று கேட்டு நிற்க எங்களுக்கும் மனம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். கூட வந்தவரில் ஒருவர் பஸ்ஸில் அழுதுவிட்டார்.

ஆகவே கேட்கிறேன். எங்கே பிழைத்தது? எந்த நூல் வாங்க வேண்டும், எந்த அளவு? ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டுப் போவது? தொப்பியைத் தவிர வேறு என்ன உதவும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஏழு பேரும் விடுவதாக இல்லை.


கல்லடி வாசி:

அம்மா, உங்கள் மனம் நோகக் கேட்கவில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது இங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வேர்க்கிறது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தொப்பி உண்மையில் தேவைதானா? அந்தக் காசுக்குப் பம்பஸோ படுக்கை விரிப்போ வாங்கிக் கொடுத்தால் கூடப் பிரயோசனப்படும் என்று எனக்குப் படுகிறது. டென்மார்க்கில் ஒக்டோபஸ் பொம்மை பின்னி இன்குபேட்டருக்குள் வைக்கிறார்கள் என்றும் முகநூலில் பார்த்தேன். அது நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற தாதி, கல்முனை:

களுதாவளை அக்கா, கல்லடித் தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கிழக்கில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் வேலை செய்தேன். கடைசி 14 வருடமும் குறைமாதப் பிள்ளைகளோடுதான்.

முதலில் அந்த மணம். மிஸ் ஏன் மூக்கருகே வைத்தார் என்று எனக்கு இங்கிருந்தே விளங்குகிறது. அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை நப்தலீன். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளை நப்தலீன் ஏறிய துணியோடு கிடந்தால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை கடுமையாகும், மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அலுமாரியில் இருந்து எடுத்த துணியை நேரே பிள்ளைக்கு உடுத்துவதை வீட்டிலும் செய்யாதீர்கள். இதை ஒழுங்கையில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள் அக்கா. பின்னி முடித்ததைக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் கரப்பானும் வராது.

இரண்டாவது, நூல். நீங்கள் ஊல் என்று வாங்கியது அநேகமாக அக்ரிலிக். குளிர் நாடுகளில் மெதுவான அக்ரிலிக்கையும் பிள்ளைத் தொப்பிக்கு எடுக்கிறார்கள். நம் ஊரில் அது வேர்வையை உறிஞ்சாது, சுடுதண்ணீரில் போட்டால் உருக்குலையும். மலிவான பந்துகளில் பஞ்சு பறக்கும். மூக்கில் குழாய் வைத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் அந்தப் பஞ்சு கூடாது. உங்கள் பேரனுக்குப் பின்னிய முதல் தொப்பி இருக்கிறதே, மேசை விரிப்பு நூலில் பின்னி, சுடுதண்ணீரில் அலசி, அயர்ன் பண்ணியது, அதுதான் சரியானது. தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

குஞ்சம், ரிப்பன், பொத்தான், மணி எதுவும் வேண்டாம். தையல் தடிப்பு வெளிப்பக்கம் வரட்டும். காலுறை பின்னினால் முடித்த பிறகு உட்பக்கத்தை வெளியே புரட்டி, தொங்கும் நூல் ஒவ்வொன்றையும் பின்னலுக்குள் கோர்த்து ஒட்ட வெட்டுங்கள். ஒற்றை இழை நூல் பிள்ளையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டால் அது இறுகும், விரல் வீங்கும், வீங்க வீங்க இன்னும் இறுகும். பிள்ளை அழும், ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியாது, கால் காலுறைக்குள் இருக்கிறது. அப்படி ஒரு முறை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு நுனிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறேன். விரல் ஊதா நிறத்தில் இருந்தது. நேரத்தோடு கண்டதால் தப்பியது.

தம்பியின் கேள்வி நியாயமானது. நமக்கு வேர்க்கிறது, உண்மை. பிறந்த பிள்ளையின் உடம்புச் சூடு 36.5க்கும் 37.5 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைமாதப் பிள்ளைக்குத் தோல் மெல்லியது, தோலுக்குக் கீழே கொழுப்பு மிகக் குறைவு, உடம்பின் நீளத்தில் காற்பங்கு தலை. அந்தத் தலையில் இருந்துதான் சூடு அதிகம் போகும். சூடு குறைந்தால் பிள்ளை பால் குடிக்கச் செலவழிக்க வேண்டிய சக்தியை உடம்பைச் சூடாக்கவே செலவழிக்கும், நிறை ஏறாது. வாட்டில் ஏசி வேறு ஓடும். மாரியில் ஜன்னல் வழியே வாடை வரும்.

அக்காவின் மகளை நெஞ்சோடு கட்டி வைக்கச் சொன்னார்களே, அதன் பெயர் கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவில், பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் எட்கார் ரே என்ற டொக்டர் தொடங்கினார். தாயின் நெஞ்சுத் தோலில் பிள்ளையின் தோல் படும்படி நேராக வைத்துத் துணியால் கட்டுவது. பிள்ளைக்கு உடுப்பு இல்லை. தொப்பி, காலுறை, நப்கின், அவ்வளவுதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் குறைமாதப் பிள்ளைகள் எல்லோருக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நாளில் 8 மணித்தியாலத்தில் இருந்து 24 மணித்தியாலம் வரை இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. தம்பி, பம்பஸ் கொடுப்பது நல்லது, கொடுங்கள். இந்த அளவுத் தொப்பி கடையில் கிடைப்பதில்லை, அதனால்தான் கையால் பின்னுகிறவர்கள் வேண்டும்.

அளவு சொல்கிறேன். 28 கிழமைப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர். பெரிய விளாம்பழம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 32 கிழமைக்கு 29 அல்லது 30. நாள் நிறைந்த பிள்ளைக்கு 34, 35, அதாவது உரித்த சின்னத் தேங்காய். தொப்பியின் சுற்றளவு இதைவிட இரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருந்தால் இழுபட்டுப் பொருந்தும். குரோசே இழுபடுவது குறைவு, ஆகவே விளிம்பை மட்டுமாவது கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னுங்கள், ரப்பர் மாதிரி இழுபடும். இரண்டு ஊசியால் பின்னும் நிற்றிங் தெரிந்தவர் உங்களில் இருந்தால் அவரிடம் மிகச் சிறிய அளவைக் கொடுங்கள். கண்ணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், பிள்ளையின் சுண்டு விரல் நுழையக் கூடாது. பட்டிப் பகுதியை நீளமாகப் பின்னினால் மடித்து விட்டு வளர வளர இறக்கலாம்.

ஒக்டோபஸ் பொம்மை 2013இல் டென்மார்க்கில் தொடங்கியது. அதன் கை பிள்ளைக்குத் தொப்புள்கொடி மாதிரி இருக்கும், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு குழாயை இழுக்காமல் இருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். முழுப் பருத்தி நூல், 60 பாகைச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், கையை இழுத்துப் பிடித்தால் 22 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக் கூடாது என்று கடுமையான விதிகள் உண்டு. மூச்சையும் இதயத் துடிப்பையும் அது சீராக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. கிருமித் தொற்றுக்குப் பயந்து நான் வேலை செய்த இடத்தில் பொம்மை எதையும் உள்ளே விடமாட்டோம். அதற்குப் பதிலாக உள்ளங்கை அளவில் இரண்டு பருத்திச் சதுரம் பின்னிக் கொடுக்கலாம். ஒன்று தாயின் நெஞ்சில், ஒன்று பிள்ளையின் பக்கத்தில், அடுத்த நாள் மாற்றுவது. தாயின் மணம் பிள்ளைக்கும் பிள்ளையின் மணம் தாய்க்கும் போகும். நம் ஆட்கள் பிள்ளையைத் தாயின் பழைய பருத்திச் சேலைத் துண்டில் கிடத்துவார்களே, அதே வேலைதான். ஆனால் இதற்கும் வாட் சிஸ்டர் சம்மதிக்க வேண்டும்.

யாரிடம் போவது என்றால், நேரே வாட்டுக்குப் போகாதீர்கள். பணிப்பாளருக்கோ மேட்ரனுக்கோ ஒரு கடிதம், கூடவே இரண்டு மாதிரித் தொப்பி. பிறகு வாட் சிஸ்டரைக் காலை வேலை முடிந்த நேரம் பார்த்துக் கேளுங்கள்: "இந்த மாதம் எந்த அளவு எத்தனை வேணும்?" அவர் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் பின்னுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தொப்பி, அது பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டு வையுங்கள்: முழுப் பருத்தி, கழுவிய பின் போடவும், வீட்டில் வெக்கையான நேரம் பிள்ளை தூங்கும்போது கழற்றிவிடவும். தூக்கத்தில் தொப்பி முகத்தில் இறங்கும், அதிக சூடும் பிள்ளைக்கு ஆபத்து. அம்பாறைப் பக்கம் கொடுப்பதென்றால் அதைச் சிங்களத்திலும் எழுதுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த பெட்டிகளைப் பிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கரையோரம் முழுக்க ஆட்கள் உடுத்த துணியோடு நின்ற நேரம். நான் திறந்த முதல் பெட்டி நிறையத் தடித்த கம்பளிக் கோட்டு. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். எங்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது சாரமும் உள்ளாடையும் துவாயும். அந்தக் கோட்டுகளை மடித்து ஓரமாக அடுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் எத்தனை, எந்த அளவு என்று முதலே கேட்கச் சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உயிர் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. 24, 26 கிழமையில் பிறந்து சில மணித்தியாலத்தில் போய்விடும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் போட எந்தக் கடையிலும் சட்டை இல்லை. மருந்து கட்டும் கோஸ் துணியில் சுற்றித்தான் கொடுப்போம். ஒரு தாய் தனக்குப் பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். துணியை விரித்தார். ஓரத்து நூல் பிரிந்து பிள்ளையின் விரல்களில் ஒட்டியிருந்தது. அந்தத் தாய் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். ஓரம் நன்றாக மடித்த ஒரு சின்ன வெள்ளைத் துணி அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

மனம் இருந்தால் இதையும் பின்னுங்கள். 30 சென்ரிமீற்றர் வெள்ளைச் சதுரம், மெல்லிய பருத்தி நூல், கட்டுவதற்கு இரண்டு நாடா. தலைவழியாகப் போடும் சட்டை வேண்டாம். அந்தத் தோல் தாங்காது, விரித்துக் கிடத்தி மூடிக் கட்டுவது போல இருக்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்கள் கபன் என்ற அடக்கத் துணியில் வைப்பார்கள், சிலர் எதுவும் வேண்டாம் என்பார்கள். ஆகவே சிஸ்டரின் கையில் நாலைந்து கொடுத்து வையுங்கள், அவர் ஆள் பார்த்துக் கேட்டுக் கொடுப்பார்.


மருதமுனை தறிக்காரர் மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தாதி அக்கா எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

நூலைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் வாப்பா தறி நெய்தவர். மருதமுனையில் பருத்தி நூல் கோனாகக் கிடைக்கும். சாரம் நெய்யும் நூல் மெல்லியது, தனியே பின்ன வராது. ஆறு இழையைச் சேர்த்து முறுக்கினால் தொப்பிக்கு அளவாக இருக்கும். இராட்டையில் சுற்றினால் ஒரு கோன் அரை மணித்தியாலத்தில் முடியும். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டுவதற்கு, ஆயத்தம் செய்த நூல் என்றால் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், விறைப்பாக இருக்கும். கஞ்சி போடாத நூலைக் கேட்டு வாங்குங்கள்.

பின்ன முதல் நூலைக் கட்டாகக் கட்டிக் கொதிதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பருத்தி முதல் சுடுதண்ணீரில் சுருங்கும். பின்னிய பிறகு சுருங்கினால் உங்கள் அளவு எல்லாம் பிழைத்துப் போகும். சாய நூல் என்றால் அதே தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணியையும் போடுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நூலைப் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம். சிவப்பும் கருநீலமும் அனேகமாக ஏறும். எதற்கும் வெள்ளை நல்லது.

தொப்பி பெரியவர்களுக்கும் தேவை. என் மாமிக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது கிழமை முடி கொட்டத் தொடங்கி, ஒரு கிழமைக்குள் முழுக்கப் போய்விட்டது. முடி போன தலைத் தோல் பொசுக்கென்று நோகும், தலையணை பட்டாலே முகம் சுளிப்பா. முக்காட்டுக்குக் கீழே போடும் கடைத் தொப்பி நைலோன், அதில் தையல் வேறு. குரோசே பண்ணினால் கண்ணி தோலில் அழுந்தும். நான் மெல்லிய பருத்தி நூலில் நிற்றிங் பண்ணிக் கொடுத்தேன், காதை மூடும் அளவுக்கு, உச்சியில் தையல் இல்லாமல். பகலில் முக்காட்டுக்குக் கீழே, இரவில் அதோடேயே படுப்பா. இரண்டு போதாது, மூன்று வேண்டும். ஒன்று தலையில், ஒன்று கொடியில், ஒன்று பையில். அக்கா, உங்களுக்கு நூல் வேண்டுமென்றால் இன்ஷா அல்லாஹ் நான் எடுத்துத் தருகிறேன்.


வாழைச்சேனை:

நான் இந்த மாதிரி இடத்தில் எழுதுவதில்லை. மருதமுனைத் தங்கச்சி எழுதியதைப் பார்த்த பிறகு எழுதலாம் என்று பட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வலது மார்பை எடுத்தார்கள். காயம் ஆறிய பிறகு வெளியே போக வேண்டுமே. லேஞ்சியைச் சுருட்டி உள்ளே வைப்பேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அது மேலே ஏறிவிடும். ஒரு கலியாண வீட்டில் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பந்தி முடிய முன்னமே வந்துவிட்டேன். சிலிக்கனில் செய்தது கிடைக்கும் என்றார்கள். விலை எங்களுக்கு எட்டாது, பாரமும் கூட, நம் வெக்கையில் அதன் கீழே வேர்த்துத் தோல் அவியும்.

பின்னிய மார்பு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமொரஸ்ட் என்ற பெண் 2011இல் தனக்கு மார்பு எடுத்த பிறகு இதைப் பற்றி அறிந்து, மற்றப் பெண்களுக்கும் தொண்டர்களைக் கொண்டு பின்னி இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். பருத்தி நூலில் வட்டமாகப் பின்னி, நடுவில் குவித்து, உள்ளே தலையணைக்குப் போடும் பைபர் பஞ்சு. பின்பக்கம் இழுத்துக் கட்டும் ஒரு சின்ன வாய் விட்டால் பஞ்சைக் கூட்டிக் குறைத்து மற்றப் பக்கத்துக்குச் சமமாக்கலாம், பஞ்சை எடுத்துவிட்டுக் கழுவலாம். என் மகள் படத்தைப் பார்த்து எனக்கு இரண்டு பின்னித் தந்தாள். முதலாவது தேங்காய்ச் சிரட்டை மாதிரிக் கூராக வந்துவிட்டது, இரண்டாவது சரி. காயம் முழுக்க ஆறி, டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் வைக்கலாம்.

அக்கா, உங்கள் ஏழு பேரால் முடிந்தால் இதிலும் மூன்று அளவில் செய்து கிளினிக் மிஸ்ஸிடம் கொடுங்கள். வெளியே தெரியாத பையில் போட்டுக் கொடுங்கள். எங்களில் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டோம். எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வோம்.


களுதாவளை அம்மம்மா:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். வேலை நடந்துகொண்டிருந்தது.

பூச்சி உருண்டை விஷயத்தை வாசித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. அந்த மிஸ் அன்றைக்கு வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவருக்கு எங்களை நினைவில்லை, ஆனாலும் சிரித்தார்.

46 தொப்பியையும் பிரித்தோம். நூலைக் கழுவி நாலு நாள் வெயிலில் போட்டிருக்கிறோம். மணம் முழுக்கப் போன பிறகு முதியோர் இல்லத்துக்கு மாரியில் காலில் போடும் சின்னப் போர்வை பின்னலாம் என்று முடிவு. பிள்ளைகளின் பக்கம் அந்த நூல் போகாது.

கடிதம் எழுதி, வாழைச்சேனைத் தங்கச்சி கேட்டதையும் அதில் சேர்த்தேன். வாட் சிஸ்டர் நேரம் தந்து கதைத்தார். இந்த மாதத்துக்குச் சின்ன அளவில் 8, நடு அளவில் 12 தொப்பி கேட்டார். காலுறை வேண்டாமாம். வெள்ளைச் சதுரத்தை நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஆறு தாங்கம்மா" என்றார்.

எங்களில் ஒருவர், அன்றைக்குப் பஸ்ஸில் அழுதவர், அந்த வெள்ளைச் சதுரத்தைத் தான் பின்னமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. போன வெள்ளிக்கிழமை விறாந்தைக்கு வந்து, மடியில் இருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நாலு ஓரமும் நூல் தெரியாமல் மடித்து, மூலையில் வெள்ளையிலேயே ஒரு மல்லிகைப் பூ. 30 வருடத்துக்கு முன் தனக்கு ஒரு பிள்ளை அப்படிப் போனது என்று அன்றுதான் சொன்னார். பூ வைக்கலாமா, கூடாதா? தாதித் தங்கச்சி, நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறோம்.

மார்புக்கு முதல் மாதிரி இரண்டு முடிந்திருக்கிறது. ஒன்று கொஞ்சம் தட்டை.

மருதமுனை மகள், நீங்கள் அனுப்பிய கோன் முடியப் போகிறது. ஒரு தொப்பிக்கு 20 கிராமளவில் போகிறது, சதுரத்துக்கு இன்னும் கூட. புதன்கிழமை கல்முனைச் சந்தைக்கு வருகிறேன், கஞ்சி போடாத வெள்ளை இரண்டு கோன் எடுத்து வைப்பீர்களா? காசை உம்மாவின் கையில் தருகிறேன். பேரனும் வருவான், அளந்து பார்க்க ஒரு தலை இருக்கும்.


ஓய்வுபெற்ற தாதி, கல்முனை:

பூ இருக்கட்டும் அக்கா. தட்டையான பூதானே, தோலில் அழுந்தாது. பூ உள்ள பக்கம் வெளியே வரும்படி மட்டும் நாடாவைத் தையுங்கள்.